பள்ளிக்கூடக் கணினிகளும் செருகுநிரல்களும்



கோல சிலாங்கூர், ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் ஆகிய இடங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலர், அக்கம்பக்கத்துத் தோட்டப் பள்ளிகளுக்கு இயன்ற உதவி செய்வதை நெடுநாளைய வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். முன்பு சிலேட்டும் புத்தகமும் சீருடைத் துணியும் கொடுத்து வந்தோம். இப்பொழுது கணினி கொடுக்கிறோம். சிலேட்டைக் கொடுத்தால் அத்துடன் நம் பொறுப்புத் தீர்ந்தது. கணினியைக் கொடுத்தால் தீருவதில்லை. இதனை நாம் பட்டறிந்தே சொல்கிறோம்.

நம்மவர் சிலர் ஒன்றுசேர்ந்து தோட்டப் பள்ளியொன்றுக்கு 24 கணினிகள் வாங்கிக் கொடுத்தோம். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவியாக, திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் செருகுநிரல் ஒன்றை எல்லாக் கணினிகளிலும் போட்டுத் தரும்படி ஆசிரியர் கேட்டார். நம் இளைஞர் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு கணினியாகப் போட்டு முடித்தார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஐந்து கணினிகளில் அது இல்லை, பிள்ளைகள் எடுத்துவிட்டிருந்தார்கள். வேறு இரண்டில் நாம் போடாத விளம்பரச் செருகுநிரல்கள் குடியேறியிருந்தன. வகுப்பு, விளையாட்டு, கணினி ஆகிய மூன்றையும் ஒரே ஆசிரியர் பார்க்கும் பள்ளி அது. அவரைக் குறைசொல்ல வழியில்லை.

அதன்பின் விஷயம் தெரிந்த சகோதரர் ஒருவர் வந்து, ஒரு பிற்பகலில் 24 கணினிகளையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். அவர் செய்தது என்ன, அதனால் விளைந்த நன்மை என்ன, பிறகு நேர்ந்த சங்கடம் என்ன என்பவற்றை இப்பாடத்தில் விளக்குகிறோம். பள்ளிக்குக் கணினி கொடுப்பவர்க்கும், கடையில் நாலைந்து கணினி வைத்திருப்பவர்க்கும் இது ஒருங்கே பயன்படும்.

1. செருகுநிரல் என்பது யாது?

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் நிரலுக்கு உலாவி என்று பெயர். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகியவை அத்தகையவை. உலாவிக்கு இயல்பாக இல்லாத ஒரு வேலையைச் செய்விப்பதற்காக அதனுடன் இணைக்கும் சிறு நிரலே செருகுநிரல். கடையை முழுதாக வாங்கிய பிறகு, தராசு ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்துக்கொள்வதைப் போன்றது இது. எழுத்தைப் படித்துக் காட்டுவது, அருஞ்சொல்லுக்குப் பொருள் சொல்வது, விளம்பரங்களை மறைப்பது, தகாத பக்கங்களைத் தடுப்பது என இவற்றின் வேலைகள் பலவாகும்.

ஆயினும் தராசுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. தராசு தன்மேல் வைத்ததை மட்டுமே அறியும். செருகுநிரல்களிற் பல, "எல்லாத் தளங்களிலும் உள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்கின்றன. அதைக் கொடுத்துவிட்டால், பிள்ளை எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதிலுள்ளதை அந்நிரல் பார்க்க முடியும். எழுத்தைப் படித்துக் காட்டும் நிரலுக்கு எழுத்தைப் பார்க்கும் உரிமை வேண்டுமென்பது நியாயமே. ஆனால், அந்த உரிமை எவர் கையில் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

2. பழைய முறையும் அதன் முடிவும்

முற்காலத்துச் செருகுநிரல்கள் வேறு விதமானவை. ஃபிளாஷ், ஜாவா போன்றவற்றைத் தனி நிரல்களாகவே கணினியில் நிறுவவேண்டியிருந்தது. நூறு கணினி உள்ள அலுவலகத்தில் நூறு தடவை "அடுத்தது, அடுத்தது" என்று பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க எவருக்கும் பொழுதில்லை. ஆகவே நிறுவும்போது எந்தக் கேள்வியும் கேட்காமல், எந்தச் சாளரமும் காட்டாமல் வேலையை முடிக்கும்படி நிரலுக்கே ஆணையிடும் முறை வந்தது. இதனை ஓசையற்ற நிறுவல் என்பார்கள். விண்டோஸ் 2000 காலத்தில் வந்த குரூப் பாலிசி என்னும் ஏற்பாடு, தலைமைக் கணினியில் எழுதிய ஒரு கட்டளையை மற்றெல்லாக் கணினிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தப் பழைய செருகுநிரல்களின் காலம் முடிந்துவிட்டது. குரோம் உலாவி 2015 செப்டம்பரிலும், பயர்பாக்ஸ் 2017 மார்ச்சிலும் அவ்வகைக்குக் கதவை அடைத்தன. அப்போது விலக்குப் பெற்றிருந்த ஃபிளாஷுக்கும் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் அது தானாகவே இயங்க மறுத்தது. ஃபிளாஷில் செய்த பாடங்களும் விளையாட்டுகளும் அத்துடன் திறக்காமற் போயின. தென்னாப்பிரிக்க வருமானவரி இலாகாவின் சில படிவங்கள் ஃபிளாஷில் இருந்தமையால், அவற்றைத் திறப்பதற்கென்றே அந்த இலாகா 2021 ஜனவரியில் தனி உலாவி ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. பல ஆண்டு முன்னதாகவே அறிவித்த முடிவுக்கே இந்தப் பாடு!

இப்பொழுது வழங்குவன உலாவிக்குள்ளேயே தங்கும் சிறு நிரல்கள். குரோம் உலாவியில் இவை 2010 முதல் வழக்கத்தில் உள்ளன. இவற்றுக்கும் விதிகள் மாறிக்கொண்டேயிருக்கின்றன. பழைய விதிப்படி எழுதிய செருகுநிரல்களைக் குரோம் 2024இலும் 2025இலும் படிப்படியாக நிறுத்திவிட்டது. ஒன்றைப் பள்ளிக்குப் போட்டுக்கொடுத்தால் அது என்றைக்கும் இருக்கும் என்று எண்ணுதல் தவறு.

3. ஒரே கட்டளை வேலை செய்யும் விதம்

தலைமைக் கடை கோல சிலாங்கூரிலும், கிளைகள் தஞ்சோங் காராங்கிலும் சுங்கை பெசாரிலும் உள்ள ஒரு முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொரு கிளைக்கும் நடந்துபோய்ச் சரக்கை அடுக்குவதில்லை. "இன்ன சரக்கு கட்டாயம் அலமாரியில் இருக்கவேண்டும், இன்னது நுழையவே கூடாது" என்று ஒரு பட்டியல் அனுப்புகிறார். கடைப்பையன் அதை மாற்ற முடியாது.

உலாவியிலும் அத்தகைய பட்டியல்கள் உண்டு. கட்டாயமாக நிறுவவேண்டியவற்றின் பட்டியல் ஒன்று. தடுக்கவேண்டியவற்றின் பட்டியல் ஒன்று. தடையிலிருந்து விலக்குப் பெற்றவற்றின் பட்டியல் ஒன்று. உலாவி இப்பட்டியலைத் தானே படித்து, குறித்த செருகுநிரலைத் தானே தருவித்துப் போட்டுக்கொள்ளும். கணினியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேள்வி கேட்பதில்லை. செருகுநிரல் கோரும் அனுமதிகளும் கேளாமலே வழங்கப்படும். பயன்படுத்துபவர் அதை நீக்கவோ நிறுத்தவோ இயலாது. பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், செருகுநிரலும் தானாகவே போய்விடும்.

4. செய்முறை

தலைமைக் கணினி இல்லாத சிறு பள்ளிக்கு, விண்டோஸ் கணினியும் குரோம் உலாவியும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.

முதலாவது, தேவையா என்று பாருங்கள். தமிழில் தட்டெழுதச் செருகுநிரல் வேண்டுமென்று பலர் கேட்கிறார்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கிய காலத்தில், தமிழுக்குத் தனி மென்பொருள் இல்லாமல் முடியாது. இன்றோ விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது; அமைப்புப் பகுதியில் சேர்த்துக்கொண்டால் போதும். உள்ளே இருப்பதற்கு வெளியே சரக்கு வாங்குவானேன்?

இரண்டாவது, பிள்ளைகள் சாதாரணப் பயனர் கணக்கில் மட்டுமே நுழையும்படி செய்யுங்கள். நிருவாகிக் கணக்கு பொறுப்பாளருக்கு மட்டும் உரியது. இது இல்லாவிட்டால் மற்ற ஏற்பாடுகள் யாவும் பூட்டில்லாத கல்லாப்பெட்டியே.

மூன்றாவது, செருகுநிரலின் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குரோம் கடைப்பகுதியில் ஒவ்வொரு செருகுநிரலுக்கும் 32 ஆங்கில எழுத்துக்கள் கொண்ட அடையாளம் உண்டு. அப்பக்கத்தின் முகவரியிலேயே அது காணப்படும். ஒரே பெயரில் பல செருகுநிரல்கள் இருக்கலாம். அடையாளம் ஒன்றுக்கொன்று வேறுபடும். பெயர்பெற்ற மார்க்குக்குப் போலி மார்க்கு வருவதை அறிந்த வியாபாரிக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான்காவது, ஒரே ஒரு கணினியில் சோதனை செய்யுங்கள். விண்டோஸ் ரெஜிஸ்டிரி என்னும் பதிவேட்டில், லோக்கல் மெஷின் பகுதியைத் திறந்து, சாப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற வரிசையில் உள்ளே சென்று, எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்ற பெயரில் ஒரு பிரிவை உண்டாக்கவேண்டும். வரிசையில் இல்லாத பிரிவுகளையும் உண்டாக்கிக்கொள்ளலாம். அதற்குள் 1 என்ற பெயரில் ஓர் எழுத்துப் பதிவு இட்டு, முன்சொன்ன 32 எழுத்துக்களை எழுதவேண்டும். இரண்டாவது செருகுநிரலுக்கு 2 என்று பெயரிடுக. பெயர்களை ஆங்கிலத்தில், இடைவெளியின்றிச் சேர்த்தெழுதவேண்டும். எட்ஜ் உலாவியிலும் இதே பெயருள்ள கட்டளையே உண்டு. வரிசையில் கூகுள், குரோம் என்பவற்றுக்குப் பதில் மைக்ரோசாப்ட், எட்ஜ் என்று வரும். பயர்பாக்ஸ் இவ்வசதியை 2018 முதல் வேறு வகைக் கோப்பின் மூலம் தருகிறது.

ஐந்தாவது, சோதனை சரியானால் அப்பிரிவை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, பென்டிரைவில் எடுத்துச் சென்று, மற்றக் கணினிகளில் நிருவாகிக் கணக்கின் வழியே திறந்தால் போதும். கணினி ஒன்றுக்கு இரண்டொரு நிமிடம் செல்லும். குரோம் உலாவியின் முகவரிக் கட்டத்தில் ஆங்கிலத்தில் குரோம் என்றெழுதி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் இட்டு, பாலிசி என்று அடித்தால், நடைமுறையிலுள்ள கட்டளைகள் யாவும் பட்டியலாகத் தெரியும்.

ஆறாவது, தடுப்புப் பட்டியலில் நட்சத்திரக் குறி ஒன்றை இட்டால், நாம் கட்டாயப் பட்டியலில் வைத்தவை தவிர வேறெதுவும் நுழையாது. நமக்கு நேர்ந்த விளம்பரச் செருகுநிரல் தொல்லை இதனால் ஒழிந்தது. உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் செருகுநிரல்கள் இயல்பாக இயங்குவதில்லை. தகாத பக்கங்களைத் தடுக்கும் நிரலைப் போட்டிருப்போர் மறைநிலையையும் கட்டளையால் நிறுத்திவிடவேண்டும்.

இம்முறையில் குரோம் கடைப்பகுதியிலுள்ள செருகுநிரல்களை மட்டுமே போடலாம். எவரோ பென்டிரைவில் கொண்டுவந்து தரும் செருகுநிரலைத் தலைமைக் கணினி ஏற்பாட்டில் சேராத கணினி ஏற்காது. அது நமக்கு நன்மையே.

5. எவருடைய கணக்கு?

நம் நாட்டுப் பள்ளிகளில் கணினி புகுந்த வரலாற்றைச் சிறிது நினைவூட்டுகிறோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளிக்கூடம் வைக்கவேண்டுமென்று விதித்தது. அவ்வாறு எழுந்த தோட்டப் பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணம் சேர்ந்த பின்னும், பல இடங்களில் சிறிய பள்ளிகளாகத் தொடர்கின்றன. 1999இல் விவேகப் பள்ளித் திட்டம் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது. 2011இல் ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. 10,000 பள்ளிகளுக்கு இணையமும் ஃபுரோக் என்னும் கற்றல் தளமும் வழங்க, 15 ஆண்டுகளுக்கு சுமார் 400 கோடி வெள்ளி என்று திட்டமிடப்பட்டது. தளத்தை ஆசிரியரும் மாணாக்கரும் குறைவாகவே பயன்படுத்தினர் என்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை குறை கூறிற்று. 2019இல் அத்திட்டம் முடிந்து, கூகுள் வகுப்பறை அவ்விடத்துக்கு வந்தது. 2020 ஜூனில் கல்வி அமைச்சு, கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் நிறுவனங்களின் துணையுடன் டெலிமா தளத்தைத் தொடங்கியது.

இதிலிருந்து அறியவேண்டியது என்னவெனில், மாணாக்கரின் டெலிமா கணக்கு அமைச்சின் ஆளுகைக்கு உட்பட்டது. கணக்கின் வழியே செருகுநிரலைக் கட்டாயமாக்கும் அதிகாரம் கூகுள் நிருவாகப் பலகையில் இருக்கிறது. அந்தப் பலகை நம் கையில் இல்லை. அங்கிருந்து ஏற்றினால், பிள்ளை எந்தக் கணினியில் அக்கணக்கால் குரோமுக்குள் நுழைந்தாலும் செருகுநிரல் கூடவே வரும். நாம் மேலே சொன்ன முறையோ கணினியைச் சார்ந்தது. அக்கணினியில் எவர் உட்கார்ந்தாலும் இருக்கும். கொடையாளராகிய நாம் தலையிடக்கூடியது இதில் மட்டுமே. அதுவும் தலைமையாசிரியரின் சம்மதத்துடனேயே செய்யவேண்டும்.

6. நேர்ந்த சங்கடம்

இனி, நாம் முதலில் சொன்ன பள்ளிக்குத் திரும்புவோம். ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நாள் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். பாடப் பக்கங்களின் நடுவே விளம்பரங்கள் தோன்றுவதாகவும், அவற்றுள் சில பிள்ளைகள் பார்க்கத் தகாதவை என்றும் சொன்னார். ஒரு கணினியில் அல்ல, 24 கணினிகளிலும். விசாரித்ததில், நாம் போட்ட அதே செருகுநிரல் தானாகப் புதுப்பித்துக்கொண்டு குணம் மாறியிருந்தது. பிள்ளைகளோ ஆசிரியரோ அதை நீக்க முடியவில்லை. நீக்க முடியாதபடி பூட்டியவர்கள் நாமே! பட்டியலைத் திருத்தலாமென்றால், நிருவாகிக் கணக்கின் மறைச்சொல்லை அறிந்த சகோதரர் வேலை மாறி ஜொகூர் போய்விட்டார். அவரைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை கணினி அறை பூட்டிக் கிடந்தது.

வேகமாகப் பரவும் நன்மை வழிதவறினால், அதே வேகத்தில் தீமையும் பரவும். இஃது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கிரேட் சஸ்பெண்டர் என்னும் செருகுநிரலை 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். அதை உருவாக்கியவர் 2020இல் வேறொருவருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறிக் கூகுள் அதைக் குரோம் உலாவிகளில் முடக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் செருகுநிரலே, ஊழியர் ஒருவர் ஏமாந்ததால் கள்ளர் கைக்குப் போய், விஷம் கலந்த பதிப்பாக வெளிவந்தது. காவற்காரன் வீட்டிலேயே களவு போனால் மற்றவர் கதி என்ன?

ஓசையற்ற மென்பொருளை வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தலாம் என்பதற்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம், மாணாக்கருக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், வீட்டிலிருக்கும்போதும் படம் பிடிக்கவல்ல நிரலை அவர்கள் அறியாமல் வைத்திருந்தது. 2010இல் வழக்கு வந்தது; அவ்வாண்டே 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். காணாமற்போன கணினியைக் கண்டுபிடிக்கவே வைத்தோம் என்றார்கள். நோக்கம் எதுவாயினும், பெற்றோருக்குச் சொல்லாமல் செய்தது தவறாயிற்று.

ஆகவே, ஓசையின்மை கணினித் திரைக்கு மட்டும் உரியது. தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் அது வாய்விட்டுச் சொல்லப்படவேண்டும். பிள்ளைகள் உபயோகிக்கும் பொருள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ?

7. நம் கடைகளுக்கும் இதுவே

வருமானவரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக அமலுக்கு வந்திருக்கிறது. நம் கடைகளில் பலர் மைஇன்வாய்ஸ் தளத்தையும் வங்கித் தளத்தையும் ஒரே உலாவியில் திறக்கிறார்கள். அதே உலாவியில், விலைத்தள்ளுபடி காட்டும் என்று நம்பிக் கடைப்பையன் போட்ட செருகுநிரல் ஒன்று எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமையோடு உட்கார்ந்திருக்கலாம். வாடிக்கையாளர் விவரங்களைக் காப்பது, 2013 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரிகளின் கடமை. அச்சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது; நம்மைக் கட்டுப்படுத்தும். கணக்கெழுதும் கணினியில் தடுப்புப் பட்டியல் இடுவதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

8. நினைவிற் கொள்ளவேண்டியவை

(1) குறைவாகப் போடுக. உள்ளே இருக்கும் வசதிக்கு வெளியே தேடவேண்டாம்.

(2) அது கேட்கும் அனுமதியைப் படித்துப் பார்த்து, வேலைக்கு மேற்பட்ட உரிமை கேட்பதை விலக்குக.

(3) ஒரு கணினியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றில் ஏற்றுக.

(4) போட்ட செருகுநிரலின் பெயர், 32 எழுத்து அடையாளம், தேதி, காரணம், நீக்கும் முறை ஆகியவற்றைப் பேரேடு எழுதுவதுபோல் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பள்ளியில் வைத்திருக்கச் செய்க.

(5) நிருவாகி மறைச்சொல் ஒருவரிடம் மட்டும் இருத்தலாகாது. முத்திரையிட்ட உறையில் எழுதித் தலைமையாசிரியரின் இரும்புப் பெட்டியில் வைக்கவேண்டும்.

(6) தவணைக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, தேவையற்றதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுக.

(7) பள்ளியும் பெற்றோரும் அறியாமல் எதையும் செய்யாதீர்கள்.

அப்பள்ளியில் இப்போது நோட்டுப் புத்தகமும் உறையும் இருக்கின்றன. பழைய செருகுநிரலை நீக்கிவிட்டோம். எட்ஜ் உலாவியிலேயே உரக்கப் படிக்கும் வசதி இருப்பதை ஆசிரியருக்குக் காட்டிக்கொடுத்தோம். முதலிலேயே அதைப் பார்த்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. பிள்ளைகள் மறுபடியும் கணினி அறைக்கு வருகிறார்கள். இவ்வாண்டும் கணினி கொடுக்க எண்ணியிருக்கும் சகோதரர்கள், கணினியின் விலையைக் கணக்கிடும்போதே, தவணைதோறும் அதைப் போய்ப் பார்க்க எவர் ஒப்புக்கொள்கிறார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.